ஐசியூவில் சேர்த்த பிறகு புதிதாகத் தொற்று வருவது ஏன்?

"மூச்சுத் திணறலுக்குத்தானே சேர்த்தோம், இப்போது ரத்தத்தில் கிருமி என்கிறார்களே?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் குடும்பங்களுக்கும் வரும் சந்தேகம் இது.

உடலுக்குள் செருகிய குழாய் வழியாக வரும் தொற்று இது. குழாய் போட்டு இரண்டு நாளுக்கு மேல் ஆனபின் தொடங்கினால்தான் பொதுவாக இந்தக் கணக்கில் சேரும். பெரிய ரத்தநாளக் குழாய், சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) குழாய் மூன்றும்தான் முக்கிய வாசல்கள்.

தோலும் இருமலும் நமக்கு இயற்கைக் காவல். குழாய் அதைத் தாண்டி உள்ளே போகிறது. கிருமிகள் பிளாஸ்டிக்கில் ஒட்டி, மேலே ஒரு பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொள்ளும். வீட்டு ஜோஜோ (பிளாஸ்டிக் தண்ணீர்) தொட்டியின் உட்சுவர் வழுக்கலைப் போல. தண்ணீரை மாற்றினால் மட்டும் அது போகாது. மருந்தும் அடிவரை எட்டாது. அதனால்தான் பல நேரம் குழாயையே எடுக்கிறார்கள்.

தடுப்பு பெரும்பாலும் கைவேலை. ரத்தநாளக் குழாயின் முனையை, பயன்படுத்தும் முன் ஒவ்வொரு முறையும் ஆல்கஹாலால் சுமார் 15 விநாடி தேய்த்து உலரவிட வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயரம். ஸ்கேனுக்குத் தள்ளிப்போகும்போது சிறுநீர்ப் பையை நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிடுவார்கள். சிறுநீர் திரும்பி உள்ளே ஓடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேட்பது எல்லாவற்றையும்விடப் பயன் தரும். ஒரு நர்ஸ் மூன்று படுக்கை பார்க்கும் இடத்தில் முதலில் விட்டுப்போவது கைசுத்தம்தான்.

முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட்டுவைத்தால் வராது என்பது தவறு. மருந்துக்கு அடங்காத கிருமிகளே மிஞ்சும்.