எதிர்பாராமல் கிடைத்த வெகுமதி மறுபடியும் கிடைக்குமா?

கேள்வி: "சன்மானம் தரும் வலைப்பதிவுத் தளம் ஒன்றில் பொழுதுபோகாமல் எழுதிப் போட்ட பதிவு திடீரெனப் பிரபலமாகிவிட்டது. எதிர்பாராத தொகையும் வந்தது. அதற்குப் பிறகு எழுதிய எதுவும் எடுபடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? ஏன் இப்படி?"

நடந்திருக்கிறது. 2017இன் இறுதியில், ஸ்டீம் என்ற அப்படிப்பட்ட ஒரு தளத்தில். பதிவின் பொருள் ஊற்றுப் பேனா. மை காய்ந்து அடைத்துக்கொண்ட பழைய பேனாவை எப்படிக் கழற்றிக் கழுவுவது, கொதிநீர் ஏன் கூடாது, ஸ்பிரிட் ஏன் அறவே கூடாது என்பதைப் பற்றியது. எனக்கே இரண்டாவது முறை படிக்கப் பொறுமை இராத பதிவு. அதற்கு முன் மெனக்கெட்டு எழுதிய நீண்ட கட்டுரைகளுக்குச் சில்லறை விழுந்துகொண்டிருந்த இடத்தில், இதற்கு வந்த தொகையைப் பார்த்துத் தளத்தில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன்.

கோளாறு ஒன்றும் இல்லை. பதிவுக்குக் கீழே யார் யார் வாக்களித்தார்கள், ஒவ்வொரு வாக்கின் மதிப்பு என்ன என்ற பட்டியல் இருக்கும். அதைத் திறந்து பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. வாக்குகள் நிறைய இருந்தன; ஆனால் தொகையில் பெரும்பகுதி ஒரே ஒருவரின் வாக்கிலிருந்து வந்திருந்தது. அவருடைய பழைய பதிவுகளைத் தேடிப் படித்தேன். மனிதர் பேனா சேகரிப்பவர்! நீங்களும் முதலில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கும்.

ஸ்டீம் 2016இல் தொடங்கப்பட்டது. நெட் ஸ்காட், டேனியல் லாரிமர் ஆகிய இருவரும் தொடங்கிய அந்த முயற்சியில், விளம்பர வருமானத்துக்குப் பதிலாக, பிளாக்செயின் (பல கணினிகளில் பகிர்ந்து பதியப்படும் கணக்கேடு) தானே புதிதாக உருவாக்கும் டோக்கன்களை, அதாவது சந்தையில் விற்கக்கூடிய எண்ம நாணயங்களை, எழுதுபவர்களுக்கும் வாக்களிப்பவர்களுக்கும் பகிர்ந்து தருவதுதான் ஏற்பாடு. அங்கே ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கணக்கே கிடையாது. எவ்வளவு டோக்கனைப் பங்காக முடக்கி வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு கனம் உங்கள் வாக்குக்கு. நிறைய வைத்திருப்பவரைத் திமிங்கலம் என்பார்கள், ஒன்றுமில்லாதவரைச் சிறுமீன் என்பார்கள். இந்தப் பெயர்கள் வேடிக்கைக்கு வைத்தவை என்றாலும் கணக்கு வேடிக்கையானதல்ல. தொடக்க காலத்தில் வாக்குகளின் மொத்தக் கனத்தை அதே எண்ணால் பெருக்கி, அதாவது வர்க்கப்படுத்தித்தான் வெகுமதியை நிர்ணயித்தார்கள். அதாவது, ஒருவரிடம் இன்னொருவரைப் போலப் பத்து மடங்கு பங்கு இருந்தால், அவர் தனியாக வாக்களிக்கும் பதிவுக்கு நூறு மடங்கு கிடைக்கும். 2017 ஜூனில்தான் இதை நேர்விகிதத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகும் பெரிய பங்குதாரர் ஒருவர் கண்ணில் படுவதும் படாமல் போவதும் உங்கள் வருமானத்தை முழுவதுமாக மாற்றிவிடக்கூடிய அளவுக்கு அந்த இடைவெளி இருந்தது.

அந்தப் பெரிய பங்குதாரராலும் எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிட முடியாது. முழு வலுவோடு ஒரு வாக்கைப் போட்டால் வாக்குத் திறனில் 2 சதவீதம் குறையும். ஒரு நாளைக்கு 20 சதவீதம்தான் மீண்டும் ஏறும். ஆக, நாளொன்றுக்குச் சுமார் பத்து முழு வாக்குகள். எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பத்தில் ஒன்று உங்கள் பதிவில் வந்து விழுந்தால் அதை உழைப்பின் பலன் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? புதியவர்களின் கவனிக்கப்படாத நல்ல பதிவுகளைத் தேடிப் பிடித்து ஆதரவு தருவதற்கென்றே கியூரி போன்ற குழுக்கள் இயங்கின. அவர்களின் வேலை மெச்சத்தக்கதுதான். ஆனால் அவர்களாலும் எல்லாவற்றையும் படித்துவிட முடியாது.

இதில் இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது, தேதியின் அதிர்ஷ்டம். பதிவு வெளியாகி ஏழு நாள் கழித்துத்தான் வெகுமதி கைக்கு வரும். திரையில் 100 டாலர் என்று காட்டினால், அப்போதைய விதிப்படி அதில் 25 வாக்களித்தவர்களுக்கு, 75 எழுதியவருக்கு. அந்த 75இல் பாதி உடனே விற்க முடியாத பங்காக வரும். அதை எடுக்க 13 வாரத் தவணை. மறுபாதி, ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட தனி நாணயமாக வரும். 2017 டிசம்பரில் அந்த நாணயம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் சந்தையில் 10 டாலரைத் தாண்டிப் போனது. 37.5 டாலர் என்று கணக்கு காட்டிய பகுதி, கையில் வந்தபோது பத்து மடங்காக இருந்தது! என் பேனாக் கட்டுரையின் நடை அந்த ஏழு நாளில் பத்து மடங்கு மெருகேறிவிடவில்லை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஸ்டீம் டோக்கனின் விலை, ஜனவரி உச்சமான 8 டாலரிலிருந்து அரை டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே கட்டுரையை அப்போது எழுதியிருந்தால் அதற்கு வந்திருக்கக்கூடிய தொகையை நினைத்துப் பார்ப்பதில்லை.

வெகுமதியை விட்டுவிட்டுப் பிரபலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கதை அதேதான். மாத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள். 14,000க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். ஒரு பிரிவினர் மற்றவர்கள் எதைத் தரவிறக்கினார்கள் என்று தெரியாமலே தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்பதைப் பார்த்தபடி தேர்ந்தெடுத்தார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் வென்ற பாட்டுக்கும் தோற்ற பாட்டுக்கும் இடையிலான தூரம் கூடியது. எந்தப் பாட்டு வெல்லும் என்பதும் உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானது உச்சிக்கு வருவதும் அரிதாகவே நடந்தது. நடுவில் இருந்த பெருங்கூட்டத்துக்குத்தான் எதுவும் நடக்கலாம் என்ற நிலை. என் பதிவு அந்த நடுக்கூட்டத்தைச் சேர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்களுடையதைப் பற்றி நான் சொல்ல முடியாது, ஆனால் "எழுதிய எதுவும் எடுபடவில்லை" என்கிறீர்களே, அவை இன்னொரு உலகத்தில் எடுபட்டிருக்கலாம்.

சரி, பணம் வந்த பிறகு நமக்கு என்ன ஆகிறது? எனக்கு ஆனதைச் சொல்கிறேன். அடுத்த பதிவும் பேனாதான். அதற்கடுத்தது மை. பிறகு காகிதம். எழுதும்போதே, அந்தச் சேகரிப்பாளர் எந்த நேரத்தில் இணையத்தில் இருப்பார் என்று மனம் கணக்கிடத் தொடங்கியது. அவர் நாகரிகமானவர், முதல் இரண்டுக்கு வந்தார், பிறகு வரவில்லை. அவர் ஏன் வர வேண்டும்? மையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த சோதனை ஒன்று உளவியல் பாடங்களில் அடிக்கடி வரும். வண்ணப் பேனாவால் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள குழந்தைகள். சிலரிடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு" என்று முன்பே சொன்னார்கள். சிலருக்கு ஒன்றும் சொல்லாமல் வரைய வைத்து, முடிந்தபின் திடீரென்று அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பேச்சும் இல்லை, பரிசும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத நேரத்தில், யார் தாமாகவே வண்ணப் பேனாக்களை எடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். முன்கூட்டியே பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப் போலப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசே பெறாதவர்களைப் போல உற்சாகமாக வரைந்தார்கள்.

பரிசு எழுத்தைக் கெடுத்துவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் கடைசி விவரத்தைக் கவனிப்பதில்லை. எதிர்பாராமல் வந்த முதல் தொகை உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள், மகிழுங்கள். சிக்கல் இரண்டாவது பதிவில், அது வரும் என்று காத்திருந்து எழுதுகிறோமே, அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் அடுத்த பதிவுகள் எடுபடாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அந்த ஒரு பதிவு நன்றாக இருந்ததா என்ற கேள்விக்குத் தொகை பதில் சொல்லாது. உங்கள் பின்னூட்டங்களில் யாராவது சந்தேகம் கேட்டிருக்கிறார்களா, உங்களோடு முரண்பட்டிருக்கிறார்களா, செய்துபார்த்துவிட்டு வந்து சொன்னார்களா என்று பாருங்கள். "அருமையான பதிவு, என் பக்கத்துக்கும் வாருங்கள்" என்பதெல்லாம் கணக்கில் சேராது.

ஒரே கருப்பொருளைப் பிடித்துக்கொண்டு அதையே பிழிய வேண்டாம். வாக்குகளை விலைக்கு வாங்கவும் வேண்டாம்; ஸ்டீமில் பணம் வாங்கிக்கொண்டு வாக்களிக்கும் நிரல்கள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தன, பதிவின் தொகை வாசகர்களைப் பற்றி எதையும் சொல்லாத நிலையை அவை உண்டாக்கின. வந்த தொகையில் ஒரு பகுதியைப் பங்காகவே விட்டுவைத்து, உங்கள் வாக்குக்கும் கொஞ்சம் கனம் சேர்ந்த பிறகு, ஒருவரும் எட்டிப்பார்க்காத புதியவர்களின் பதிவுகளில் போடுங்கள். வெகுமதியில் வாக்களித்தவர்களுக்குப் போகும் பகுதி பின்னாளில் 25இலிருந்து 50 சதவீதமானதால், இது வெறும் தர்மம்கூட இல்லை. 2020 மார்ச்சில் ஸ்டீமிலிருந்து ஒரு பெரிய கூட்டம் பிரிந்து ஹைவ் என்ற தனிப் பிளாக்செயினாகப் போனபோது நானும் போனேன். அங்கேயும் இந்தப் பழக்கத்தைத் தொடர்கிறேன்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பதிவை வெளியிடும்போது வெகுமதியே வேண்டாம் என்று மறுத்துவிடும் வசதி இருக்கிறது. அவ்வப்போது நான் அதைத் தேர்ந்தெடுப்பேன். வாக்களிப்பவருக்கும் அதில் வருமானம் இல்லை என்பதால், தொகைக்காக மட்டும் வருகிறவர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. அப்படியொரு பதிவின் கீழ்தான் அந்தச் சேகரிப்பாளர் மீண்டும் வந்தார். பேனாவைக் கழுவ நான் எழுதிய முறையில் கருப்பு எபோனைட் (கடின ரப்பர்) பேனாக்களை நீரில் ஊறப்போட்டால் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும் என்றும், அதற்கு வேறு வழி என்ன என்றும் நான்கு பத்திகளுக்கு எழுதியிருந்தார்.