சளியில் ரத்தக் கீற்று: எப்போது கவலைப்பட வேண்டும்?

ஒரு வாரமாக இருமல், இன்று காலை சளியில் நூல்போல ரத்தம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

துப்பியதை முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். சளியோடு கலந்து, நுரைத்து, பளிச்சென்ற சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் நுரையீரல் பக்கமிருந்து வருவது. காப்பித்தூள் நிறத்தில் வாந்தியோடு வந்தால் வயிற்றிலிருந்து; அதுவும் அவசரம்தான். ஈறு கசிந்தாலும் எச்சில் சிவக்கும்.

கடுமையாக இருமும்போது மூச்சுக்குழாயின் மெல்லிய ரத்த நாளங்கள் கீறி ஓரிரு கீற்று வருவதுண்டு. பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஆனாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இருமல் 2 வாரத்தைத் தாண்டினாலோ, மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ காசநோய்க்கான பரிசோதனை கட்டாயம். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். முழுமையாகக் குணமாகும் நோயை வெட்கப்பட்டு மறைப்பவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. 40 வயதைக் கடந்த, புகைபிடிக்கும் பழக்கமுள்ளவர் ஒரு கீற்றைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது. எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

சில தேக்கரண்டிக்கு மேல் ரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.