வந்து வந்து போகிற பழுது: ஆய்வகக் கருவிகள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "கருவி சில நேரம் தப்பாகக் காட்டுகிறது, சில நேரம் சரியாக இருக்கிறது." முழுசாகச் செத்துப்போன சென்சாரை அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம். விட்டு விட்டு வருகிற பழுதுதான் ஆளைக் கொல்லும். அதனால் இன்று அதையே எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் திடீரென்று மைனஸ் 74 காட்டி அலாரம் அடிக்கிறது. பத்து நிமிடத்தில் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சென்சாரை மாற்றியும் தீரவில்லை.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: எண் மெல்ல ஏறுகிறதா, ஒரே தாவலாகத் தாவுகிறதா? ஒரு நொடியில் ஆறு டிகிரி தாவினால் அது உள்ளே இருக்கும் குளிர் மாறியதால் அல்ல. உறைந்த மாதிரிகள் நிறைந்த பெட்டி அவ்வளவு வேகமாகச் சூடாகாது.

இந்த ஃப்ரீசர்களில் பெரும்பாலும் இருப்பது பிடி-100 என்கிற பிளாட்டினம் சென்சார். பூஜ்ஜியம் டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம், மைனஸ் 80-ல் சுமார் 68.3 ஓம். அந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு 0.4 ஓம்தான் மாறும். அதாவது உங்கள் ஆறு டிகிரி வெறும் 2.4 ஓம். பச்சை பிடித்த ஒரு திருகு முனையே அவ்வளவு தடையைக் கொடுத்துவிடும். இரண்டு ஒயர் இணைப்பில் லூஸ் காண்டாக்ட் இருந்தால் எண் எப்போதும் சூடான பக்கம்தான் போகும். ஈரம் புகுந்து கசிவு ஏற்பட்டால் குளிர்ந்த பக்கம் போகும். மூன்று ஒயர் என்றால் எந்த ஒயரில் கோளாறு என்பதைப் பொறுத்து இரண்டு பக்கமும் போகலாம்.

சென்சாரைக் கழற்றி 68 ஓம் ரெசிஸ்டரை மாட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. சுமார் மைனஸ் 81 என்று அசையாமல் நிற்க வேண்டும். தாவினால் பழுது கன்ட்ரோலர் பக்கம். நின்றால் கேபிள் பக்கம். ஆனால் தயவுசெய்து கவனியுங்கள்: கம்ப்ரஸரை இயக்குவதும் இதே சென்சார்தான் என்றால், மாதிரிகளை வேறு ஃப்ரீசருக்கு மாற்றாமல் இதைச் செய்யவே கூடாது. உள்ளே போதுமான குளிர் இருக்கிறது என்று நம்பி கம்ப்ரஸர் ஓடாமல் நின்றுவிடும், பல வருட உழைப்பு உருகிப்போகும்.

நான் பார்த்த ஒரு ஃப்ரீசரில் இதே கதை. மூன்று சென்சார் மாற்றியிருந்தார்கள். டெர்மினலில் ஒயரை மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. திருகு செம்பைக் கடிக்காமல் மேலுறையைக் கடித்திருந்தது. இரண்டு இழைகள் மட்டும் ஓரத்தில் தொட்டுக்கொண்டிருந்தன. கம்ப்ரஸர் கிளம்பும் அதிர்வில் அவை தொடும், விலகும். கறுத்த நுனியை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி இறுக்கியதோடு முடிந்தது. நீங்களும் ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது.

மழைக்காலத்தில் மட்டும் பி.ஹெச். மீட்டர் எதை வைத்தாலும் 7-ஐ நோக்கியே நகர்கிறது.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கண்ணாடி எலக்ட்ரோடின் மின்தடை பல கோடி ஓம் அளவில் இருக்கும். கனெக்டரில் விரல் பட்ட எண்ணெய்ப் பசையும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் அந்தச் சின்ன மின்னழுத்தம் அங்கேயே கசிந்துவிடும். 7 என்பது பூஜ்ஜியம் மில்லிவோல்ட்; கசியக் கசிய அளவு அதை நோக்கித்தான் வரும்.

எலக்ட்ரோடைக் கழற்றிவிட்டு, மீட்டரின் சாக்கெட்டில் நடு ஊசித்துளையையும் வெளி வளையத்தையும் ஒரு பேப்பர் கிளிப்பால் சேருங்கள். மில்லிவோல்ட் அளவு பூஜ்ஜியத்தை ஒட்டி அசையாமல் நின்றால் மீட்டர் பெரும்பாலும் நல்லது. அப்புறம் கனெக்டரை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாக உலர்த்தி, விரல் படாமல் மாட்டுங்கள். 25 டிகிரியில் பி.ஹெச். 7, 4 பஃபர்களுக்கு (அளவு தெரிந்த சோதனைக் கரைசல்களுக்கு) இடையே சுமார் 177 மில்லிவோல்ட் வித்தியாசம் வர வேண்டும். 160-க்குக் கீழே போனால் எலக்ட்ரோடைச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. அதை வடிநீரில் ஊறவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுதான் அதற்கு வீடு.

அனலிட்டிகல் பேலன்ஸ் மதியத்துக்கு மேல் கடைசி இரண்டு இலக்கங்களில் ஆடுகிறது.

ஏசியின் காற்று அதன் மேல் விழுகிறதா, வெயில் மேஜைக்கு வருகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் பாத்திரத்தில் எடை போடுகிறீர்கள் என்றால் நிலைமின்னேற்றமும் காரணமாக இருக்கலாம். கண்ணாடிக்கோ உலோகத்துக்கோ மாறிப் பாருங்கள்.

உலைக்குள் இருக்கும் தெர்மோகப்பிள், ஹீட்டர் ஓடும்போது மட்டும் இருபது, முப்பது டிகிரி குதிக்கிறது.

தெர்மோகப்பிள் என்பது வெப்பத்துக்கேற்ப மிகச் சிறிய மின்னழுத்தம் தரும் இரட்டை உலோக ஒயர். அதன் கே வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். பக்கத்து மின்கேபிளிலிருந்து ஒரு மில்லிவோல்ட் புகுந்தால் போதும், 24 டிகிரி தப்பாகிவிடும். சென்சார் ஒயரை ஹீட்டர் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரியுங்கள். ஷீல்டை (ஒயரைச் சுற்றியுள்ள உலோக உறையை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

சர்வீஸ் இன்ஜினியர் வந்தால் கருவி ஒழுங்காக ஓடுகிறது. அவர் கிளம்பியதும் மறுபடி பழுது. நாங்கள் பொய் சொல்கிறோம் என்றே நினைக்கிறார்கள்.

டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விடுகிற கதை இது. நீங்கள் பொய் சொல்லவில்லை. உலகின் பெரிய ஆய்வகங்களே இப்படித் தவித்திருக்கின்றன. 2011-ல் ஓபெரா என்கிற இயற்பியல் ஆய்வுக் குழு, நியூட்ரினோக்கள் என்கிற நுண்துகள்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோநொடி முந்தி வருவதாக அறிவித்தது. கடைசியில் முக்கியக் காரணம் சரியாக மாட்டப்படாத ஓர் ஒளியிழைக் கனெக்டர். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் அவ்வப்போது புரியாத ரேடியோ துடிப்புகள் பதிவாகிவந்தன. அவை பெரும்பாலும் பகல் வேலை நேரத்தில்தான் வந்தன. குறுக்கீட்டைக் கண்காணிக்கும் கருவி ஒன்றை வைத்த பிறகுதான், அதே நொடிகளில் மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் துடிப்பு இருப்பது தெரிந்தது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடியும் முன்பே யாரோ கதவைத் திறந்ததுதான் காரணம். 2015-ல் அதை நிரூபித்தார்கள்.

அவர்களைக் காப்பாற்றியது நேரக் குறிப்பு. கருவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். பழுது வந்த நேரம், காட்டிய எண், அறையின் வெப்பமும் ஈரப்பதமும், அப்போது லிஃப்ட், ஏசி, பம்ப் எது ஓடியது, யார் எதைத் தொட்டார்கள், எல்லாம் எழுதட்டும். கருவியின் திரையும் சுவர்க்கடிகாரமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி செல்போனில் ஒரு படம். அப்புறம், பழுது வந்தவுடன் கேபிளைப் பிடுங்கி மாட்டாதீர்கள். மாட்டினால் காண்டாக்ட் சுத்தமாகித் தடயம் போய்விடும். பழுது இருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்து அளந்து, அந்த எண்ணையும் நோட்டில் எழுதிய பிறகு கை வையுங்கள்.