ஒருவருக்கு எத்தனை தொகுதி?

ஒரே தேர்தலில் ஒருவர் இரண்டு தொகுதிகளில் நிற்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: 2021 புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நின்ற என்.ஆர்.காங்கிரஸ் தலைவர் ரங்கசாமி அதே நேரத்தில் ஏனாமிலும் நின்றார். ஒருவர் அதிகபட்சம் எத்தனை தொகுதிகளில் நிற்கலாம்?
— வாசகர், தட்டாஞ்சாவடி

ப: இரண்டு. 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 33(7) பிரிவு அப்படிச் சொல்கிறது. இந்த வரம்பு 1996-ல்தான் வந்தது. அதற்கு முன்பு எத்தனை தொகுதியில் வேண்டுமானாலும் நிற்கலாம். வாஜ்பாய் 1957-ல் மதுரா, லக்னோ, பல்ராம்பூர் மூன்றிலும் நின்றார். பல்ராம்பூரில் ஜெயித்தார், மதுராவில் டெபாசிட்டே போனது. என்.டி.ராமாராவ் 1985-ல் குடிவாடா, இந்துப்பூர், நல்கொண்டா மூன்றிலும் ஜெயித்து, இந்துப்பூரை மட்டும் வைத்துக்கொண்டார்.

இந்த 'இரண்டு' ஒவ்வொரு அவைக்கும் தனித்தனி. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் ஒன்றாகத் தேர்தல் வந்தால், அதில் இரண்டு, இதில் இரண்டு என நான்கு தொகுதிகளில் நிற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரே நேரத்தில் நடக்கும் இடைத்தேர்தல்களுக்கும் இதே வரம்புதான்.

நீங்கள் குறிப்பிட்ட தேர்தலில் ரங்கசாமி தட்டாஞ்சாவடியில் ஜெயித்தார், ஏனாமில் சுயேச்சை வேட்பாளரிடம் தோற்றார்.

கே: 2001-ல் ஜெயலலிதா எங்கள் தொகுதியிலும் மனு போட்டார், தள்ளுபடியாகிவிட்டது. மூன்று நான்கு இடத்தில் மனு போட்டுவிட்டு, கடைசியில் இரண்டை வைத்துக்கொண்டு மீதியை வாபஸ் வாங்கினால் என்ன?
— வாசகர், புவனகிரி

ப: முடியாது. சட்டம் 'போட்டியிடக் கூடாது' என்று சொல்லவில்லை, இரண்டுக்கு மேல் 'நியமனம் செய்யப்படக் கூடாது' என்கிறது. மனு போடும் கட்டத்திலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது. வேட்புமனுப் படிவத்திலும், இரண்டு தொகுதிக்கு மேல் நான் நியமனம் செய்யப்படவில்லை, செய்யப்படவும் மாட்டேன் என்று வேட்பாளர் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார். மூன்றாவது மனுவில் அந்த வரிக்குக் கீழே போடும் கையெழுத்து பொய்யாகிவிடும். பிறகு வாபஸ் வாங்கினாலும் அந்தப் பொய் அழியாது.

2001-ல் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புதுக்கோட்டை, புவனகிரி என நான்கு தொகுதிகளில் மனு தாக்கலானது. டான்சி நில வழக்கில் அவர் பெற்ற தண்டனையும் இந்த இரண்டு தொகுதி விதியும் சேர்ந்து நான்கையும் காலி செய்தன.

கே: எனக்கு ஓட்டு கடலூரில். புதுச்சேரியில் நிற்க முடியுமா? இரண்டு தொகுதிக்கும் ஒரே செட் காகிதம் போதுமா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

ப: புதுச்சேரி மக்களவைத் தொகுதியில் நிற்கலாம். மக்களவைக்கு நாட்டில் எங்காவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். புதுச்சேரி சட்டமன்றத்துக்கு முடியாது, அதற்கு அந்த யூனியன் பிரதேசத்துக்குள் ஓட்டு இருக்க வேண்டும். காரைக்காலில் ஓட்டு இருப்பவர் ஏனாமிலோ மாகேயிலோ நிற்கலாம், ஆனால் பக்கத்தில் இருக்கும் கடலூர்க்காரர் பாகூரில் நிற்க முடியாது.

காகிதம் ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனி. வேட்புமனு, சொத்து, வழக்கு விவரம் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரம், டெபாசிட், கட்சி வேட்பாளர் என்றால் இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் 'பி' படிவம் என எல்லாமே இரண்டு செட். ஒரு தொகுதிக்கு நான்கு மனுக்கள் வரை போடலாம், அதற்கு டெபாசிட் ஒன்று போதும். அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழிக்கு மட்டும் சலுகை உண்டு: ஒரு தேர்தல் அதிகாரி முன் ஒருமுறை எடுத்தால் இரண்டுக்கும் செல்லும். மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பு உறுதிமொழியை எடுத்துவிட வேண்டும்.

மனு சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது முன்மொழிபவர். அவருக்கு அந்தந்தத் தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் ஒருவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் மாநிலக் கட்சியாக இருக்கும் கட்சி புதுச்சேரியில் நின்றால் அங்கே பத்துப் பேர் வேண்டும். எல்லை தாண்டி வரும் கட்சிக்காரர்கள் மறப்பது இதைத்தான். இரண்டாவது, வேறு தொகுதியில் ஓட்டு இருப்பவர் தன் பெயர் உள்ள வாக்காளர் பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும். இரண்டு தொகுதிகளில் நிற்பவருக்குக் குறைந்தது ஒன்றிலாவது இது கட்டாயம் வரும். மனுவோடு இணைக்கவில்லை என்றால் பரிசீலனையின்போதாவது காட்டியாக வேண்டும். மூன்றாவது பிரமாணப் பத்திரம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. 'இல்லை' என்றாவது எழுத வேண்டும். 'பி' படிவம் மனு தாக்கலின் கடைசி நாள் மதியம் 3 மணிக்குள், மை கையெழுத்தோடு சேர வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது.

கே: இரண்டிலும் ஜெயித்தால் என்ன ஆகும்? விட்டுப்போகும் தொகுதியில் இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுக்கக் கூடாதா?
— வாசகர், இந்திரா நகர்

ப: உங்கள் தொகுதிக்கு இது நேரிலேயே நடந்தது. 2011-ல் ரங்கசாமி கதிர்காமம், இந்திரா நகர் இரண்டிலும் ஜெயித்தார். இந்திரா நகரை விட்டுக்கொடுத்தார், அந்த அக்டோபரில் அங்கே இடைத்தேர்தல் வந்தது.

இரண்டு இடத்தில் ஜெயித்தவர் 14 நாட்களுக்குள் ஒன்றை ராஜினாமா செய்ய வேண்டும். முடிவுகள் வெவ்வேறு நாளில் வந்திருந்தால் கடைசி முடிவிலிருந்து எண்ணுவார்கள். ராஜினாமா சபாநாயகருக்கு, தன் கையெழுத்தோடு எழுத்தில் போக வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்பது அவர் இஷ்டம், காரணம் சொல்லத் தேவையில்லை. கெடு தவறினால் அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 70-வது பிரிவின்படி இரண்டு இடமுமே காலி! ஒன்று தானாகத் தங்கிவிடும் என்று நினைப்பது தவறு.

இரண்டாவதாக வந்தவருக்கு இடம் போகாது. சட்டத்தில் அப்படி வழியே இல்லை. இடம் காலியான ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடக்க வேண்டும். சட்டமன்ற இடைத்தேர்தல் என்றால் செலவு அரசு கஜானாவிலிருந்துதான், ராஜினாமா செய்தவர் ஒரு பைசா தர வேண்டியதில்லை. எங்களைக் கேட்டால் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான். தலைவருக்கு இரண்டாவது தொகுதி ஒரு காப்பீடு. பிரீமியம் கட்டுவது, இரண்டாவது முறையும் வரிசையில் நிற்கும் வாக்காளர்.

கே: இரண்டு டெபாசிட்டும் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், பண்ருட்டி

ப: பொதுத்தேர்தலில் ஒன்றுதான் கிடைக்கும். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் தோற்றால் டெபாசிட் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 158-வது பிரிவின்படி, இரண்டு தொகுதிகளில் நின்றவர் இரண்டிலும் ஜெயித்தாலும் ஒரு டெபாசிட் பறிமுதல்தான். சட்டமன்றத்துக்கு அது 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர்களுக்கு இதில் பாதி. இரண்டாவது தொகுதிக்குச் சட்டம் போடும் அபராதம் மொத்தமே இவ்வளவுதான்.

கே: செலவுக் கணக்கு?
— வாசகர், நெய்வேலி

ப: தொகுதிக்குத் தொகுதி தனி. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். இரண்டில் நின்றால் 80 லட்சத்தை ஒரே இடத்தில் கொட்ட முடியாது. முடிவு வந்த 30 நாளில் இரண்டு கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் மூன்று ஆண்டு வரை தகுதிநீக்கம் வரலாம்.

கே: இதை ஒழிக்க யாரும் முயலவில்லையா?
— வாசகர், வில்லியனூர்

ப: முயன்றார்கள். ஒருவருக்கு ஒரு தொகுதி போதும் என்று 2004-ல் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது. அது முடியாதென்றால், ஜெயித்து ராஜினாமா செய்பவரிடம் சட்டமன்றத்துக்கு 5 லட்சம், மக்களவைக்கு 10 லட்சம் வசூலிக்கச் சொன்னது. 2015-ல் சட்ட ஆணையமும் தன் 255-வது அறிக்கையில் ஒரு தொகுதிதான் என்றது. உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில், இது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய கொள்கை விஷயம் என்று, இந்த ஏற்பாட்டை எதிர்த்து வந்த மனுவைத் தள்ளிவிட்டது. சட்டத்தை மாற்ற வேண்டியவர்களே அதனால் பலன் பெறுபவர்கள். 2014-ல் மோடி வதோதராவை விட்டார், 2024-ல் ராகுல் வயநாட்டை விட்டார். இதில் கட்சி வேறுபாடு கிடையாது.

கே: இரண்டு தொகுதிகளில் நிற்பவருக்கு இரண்டு ஓட்டா?
— வாசகர், திட்டக்குடி

ப: ஒன்றுதான். பட்டியலில் பெயர் இருக்கும் தொகுதியில் மட்டும். இரண்டுமே வெளித் தொகுதி என்றால் தனக்குத் தானே ஓட்டுப் போட முடியாது, வேறு யாருக்காவதுதான் பட்டனை அமுக்க வேண்டும்.