புகைப்பதில்லை, குடி மட்டும்தான். நுரையீரல் புற்றுநோய் வருமா?

புகைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குடிக்க உட்காரும்போது நண்பர் நீட்டுகிற சிகரெட்டையும் தொடுவதில்லையா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. என் அண்ணனும் இதையேதான் சொன்னார்.

அவருக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்ததுமே உறவினர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: "குடித்துக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டான்." நலம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அண்ணியிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் பழக்கவழக்கங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். மது? உண்டு. புகை? இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "குடிக்கும்போது பிடிப்பார், டாக்டர்." அண்ணன் சலித்துக்கொண்டார்: "அதையெல்லாம் கணக்கில் சேர்ப்பார்களா?" மருத்துவர் விடவில்லை. துருவிக் கேட்டதில், கல்லூரி நாளிலிருந்தே குடிக்க உட்கார்ந்தால் ஒரு பாக்கெட் காலியாகும் என்பது வெளியே வந்தது. 'இல்லை' என்பதை அடித்துவிட்டு மேலே 'உண்டு' என்று எழுதினார்.

மதுவையும் நுரையீரலையும் பற்றிய ஆய்வுகளுக்குத் தலைவலியே இந்த 'இல்லை'தான். குடிப்பவர்களில் நிறையப் பேர் புகைப்பவர்கள். அதைக் குறைத்தும் சொல்வார்கள். புகை செய்த கேடு மதுவின் கணக்கில் ஏறிவிடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. மதுவால் வருவதாக உறுதியானவை வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்கள். நுரையீரல் அந்தப் பட்டியலில் இல்லை. மிக அதிகமாகக் குடிப்பவர்களிடம் சற்றுக் கூடுதல் ஆபத்து தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஒருபோதும் புகைக்காதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் தெளிவான தொடர்பு தென்படவில்லை. நுரையீரல் புற்றுநோயில் ஏறக்குறைய 85 சதவீதத்துக்குப் புகைதான் காரணம்.

உடனே, குடிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் பாய்ந்து வர வேண்டாம். நான் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவன். மது உடலுக்குள் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறி டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. குடியும் புகையும் சேர்ந்தால் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து பல மடங்கு. புகைக்கவே புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பதும் தெரியும். பிறர் விடும் புகை, மாசடைந்த காற்று, மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் என்று அதற்கும் காரணங்கள் உண்டு. ஆகவே இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ சளியில் இரத்தம் தெரிந்தாலோ, குடியைச் சொன்னால் திட்டுவார்களே என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எனக்கு ஆறாதது வேறொன்று. மருத்துவமனை தந்த அறிக்கையில் 'மது அருந்துபவர்' என்று ஒரு வரி இருந்தது. காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டது. கட்டி இருப்பது நுரையீரலில். அவர்கள் கேட்டதோ கல்லீரல் பரிசோதனை முடிவு! அனுப்பினோம். பழைய முடிவும் வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கடிதத்திலும் புதிதாக ஒரு காகிதம் கேட்டார்கள். பிரீமியம் வாங்கிய இத்தனை வருடத்தில் அண்ணன் குடிக்கிறாரா என்று ஒருவரும் கேட்டதில்லை.