சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கே: இணையத்தில் தேடினால் 15,350 கி.மீ., 17 மணி நேரம் என்று வருகிறது. டிக்கெட்டில் பதினெட்டரை மணிக்கும் மேலே போட்டிருக்கிறார்களே, எது சரி?

தூரம் சரி. நேரம் வெறும் வகுத்தல் கணக்கு: தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்துவிட்டு அந்தத் தளங்கள் ஒதுங்கிவிடுகின்றன. டிக்கெட் நேரமோ சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் கேட்டுக்குப் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். டிக்கெட்டையே நம்புங்கள்.

கே: நேர்வழி வட துருவம் பக்கமாகப் போகிறது என்கிறார்கள். ஆனால் இருக்கைத் திரையில் விமானம் பசிபிக் மேலே போனதே?

நல்ல கேள்வி. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 178 பாகை, அதாவது கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். அதனால் நூல் துருவத்தை ஒட்டியே போகும். அந்த நூலின் நீளம்தான் 15,350 கி.மீ.

விமானம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை, காற்றைப் பார்த்துப் போகிறது. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. ஜப்பான் பக்கம் போய் அதைப் பிடித்துக்கொண்டால், சுற்று கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். இதில் வேடிக்கை, திரும்பும்போதும் சில நாட்களில் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவார்கள். போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று! சென்னை–லண்டன் விமானத்துக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

கே: நண்பகலில் கிளம்பினால் எப்போது போய்ச் சேருவேன்?

அதே நாள் மாலை. 18 மணி 40 நிமிடம் பறந்தால் சிங்கப்பூரில் மறுநாள் காலை 6.40. நியூயார்க் குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்தங்கியது, ஆக அங்கே மாலை 5.40. கோடையில் வித்தியாசம் 12 மணிதான், மாலை 6.40.

கே: சென்னையிலிருந்து நியூயார்க் போக சிங்கப்பூர் வழி நல்லதா? அங்கிருந்து நேரடி விமானம் என்று ஆசையாக இருக்கிறது.

ஆசைக்குக் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் கணக்கைப் பாருங்கள். சென்னை–நியூயார்க் நேர்தூரம் சுமார் 13,500 கி.மீ. லண்டன் வழியாகப் போனால் 13,800-க்குள் முடிந்துவிடும். சிங்கப்பூர் வழியென்றால் முதலில் எதிர்த்திசையில் 2,900 கி.மீ. போய், மொத்தம் 18,000-ஐத் தாண்டும். அப்புறம் இன்னொன்று: சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தில் பறக்கும் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை) விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள், பிசினஸும் பிரீமியம் எகானமியும் மட்டும். சாதாரண எகானமியே இல்லை. பட்ஜெட் டிக்கெட் தேடுகிறவர் என்றால் லண்டன் பக்கமோ வளைகுடா பக்கமோ பாருங்கள்.