ஹாம்லெட்டின் கையில் ரிவால்வர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' பாடமாகப் படித்தவன் நான். சென்ற வாரம் 1968இல் வந்த 'ஜானி ஹாம்லெட்' என்ற இத்தாலிய கௌபாய் படம் பார்த்தேன். மனம் நொந்துவிட்டது. தனிமொழி இல்லை, தயக்கம் இல்லை. கடைசியில் நாயகன் சாகாமல் குதிரையேறிப் போகிறான். ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் 'ராஸ்', 'கில்ட்' ஆகிவிட்டார்கள். ஒரு துன்பியலை இப்படியா கொலை செய்வது? நான் பார்த்தது ஆங்கிலக் குரல் கொண்ட பிரதி. இத்தாலிய மொழியில் பார்த்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நாடகத்துக்காக மனம் நோக இன்னும் ஆள் இருக்கிறதே. ஆனால் கோபப்படுவதற்கு முன் ஐந்தாம் அங்கத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

மொழிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆங்கிலம், இத்தாலியம் இரண்டுமே டப்பிங்தான். ஜானியாக நடித்த ஆந்த்ரேயா ஜோர்தானா இத்தாலியர். நண்பன் ஹொரேஷியோவாக வரும் கில்பர்ட் ரோலண்ட் மெக்சிகோவில் பிறந்த ஹாலிவுட்காரர். சித்தப்பா க்ளாட், ஜெர்மானியரான ஹோர்ஸ்ட் ஃப்ராங்க். அம்மா, பிரெஞ்சு நடிகை ஃப்ரான்ஸ்வாஸ் ப்ரெவோ. ஒரே குடும்பத்துக்கு நாலு தாய்மொழி. அன்றைய இத்தாலியப் படங்களில் குரலைப் பிறகு ஒலிக்கூடத்தில்தான் சேர்த்தார்கள். எதில் வேண்டுமானாலும் பாருங்கள்.

பெயர்களைப் பற்றி என்ன சொல்ல? பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார். விட்டுவிடுங்கள்.

தனிமொழி இல்லை என்கிறீர்கள். படத்தில் ஒரு நாடகக் குழு வருகிறதே, அதில் ஒருவன் 'இருப்பதா, இறப்பதா' என்ற அந்த வரிகளை ஒப்பிக்கிறானே, கவனிக்கவில்லையா? இயக்குநர் காஸ்தெல்லாரி அதை நாயகனிடமிருந்து பிடுங்கி நடிகனிடம் கொடுத்துவிட்டார். புத்திசாலித்தனம் அது. 33 வரிக் கவிதையை வேற்றுமொழிக் குரலுக்கு உதடு பொருத்துவது டப்பிங்காரருக்குத் தண்டனை. பேச்சு போன இடத்தில் முகம் வந்தது. அந்தக் காலத்து இத்தாலியர்கள் பலர் டெக்னிஸ்கோப் என்ற முறையில் எடுத்தார்கள். ஒரு சட்டகத்துக்கு, ஓரத்தில் நாலு துளை உள்ள நீளத்துக்குப் பதில் இரண்டு துளை நீள ஃபிலிம். 1000 அடிச் சுருள் 11 நிமிடத்துக்குப் பதில் 22 நிமிடம் ஓடும். படம் சற்றுப் பொரிப்பொரியாகத் தெரியும், ஆனால் சாதாரண லென்ஸே போதும், மிக அருகில் போய்க் கண்ணை மட்டும் எடுக்கலாம். ஹாலிவுட்டின் பழைய சினிமாஸ்கோப் லென்ஸில் அவ்வளவு கிட்டே போனால் முகம் அகன்று, பொன்னுக்கு வீங்கி வந்தவன்போல் ஆகிவிடும். அந்தப் படங்களில் திரை நிறைய இரண்டு கண்கள் வந்து நிற்கின்றன அல்லவா, தனிமொழிக்கு அவர்கள் கண்டுபிடித்த மாற்று அதுதான்.

இனி, நாயகன் ஏன் சாகவில்லை என்ற குற்றச்சாட்டு. சில நாட்களாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் இதுவே.

நாடகத்தின் முடிவில் எப்படி நாலு பேர் சாகிறார்கள்? விஷம் தடவிய ஒரு வாள், விஷம் கலந்த ஒரு கோப்பை. வாள் சிலம்பம்போல் சுற்றுச் சுற்றாக ஆடப்படுவது. முதல் இரண்டு சுற்று ஹாம்லெட்டுக்கு. இடையில் அரசி மகனை வாழ்த்திக் குடிக்கக் கோப்பையை எடுத்துவிடுகிறாள். பிறகு விஷ வாள் வைத்திருக்கும் எதிராளி லேயர்டீஸ் ஹாம்லெட்டைக் கீறுகிறான். கைகலப்பில் வாள்கள் மாறிப்போகின்றன. இந்த மாற்றம் 1604 பதிப்பின் மேடைக்குறிப்பில் இல்லவே இல்லை; 1603 பதிப்பிலும் 1623 தொகுப்பிலும் உண்டு. அது இல்லாமல் லேயர்டீஸ் தன் விஷத்தில் தானே விழ முடியாது, உண்மையைக் கக்கவும் முடியாது. உனக்கு அரை மணி நேர உயிர்கூட இல்லை என்று அவன் சொல்லும் அந்த இடைவெளிக்குள்தான் ஹாம்லெட் அரசனைக் கொன்று, ஹொரேஷியோவின் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கி, அடுத்த அரசன் யார் என்றும் சொல்லிவிட்டுச் சாகிறான்.

இப்போது வாளை எடுத்துவிட்டு ரிவால்வரை வையுங்கள். சுற்றுகள் கிடையாது. உருவுவது, சுடுவது, ஒரு விநாடி. ஆயுதம் கைமாற நேரமில்லை. தோட்டாவுக்கு விஷம் தேவையில்லை. லேயர்டீஸ் மன்னிப்புக் கேட்கவும் ஹாம்லெட் விடைபெறவும் அவகாசமில்லை. முந்திச் சுட்டவன் நிற்பான், மற்றவன் விழுவான். இந்த ஆட்டத்தின் விதியில் ஒருவன் பிழைத்தே தீரவேண்டும். காஸ்தெல்லாரி மட்டமான மசாலாவுக்காக நாயகனைக் காப்பாற்றினார் என்று எழுதுகிறீர்கள். ஆயுதத்தை மாற்றிய அன்றே முடிவும் மாறிவிட்டது ஐயா. அதன்பின் நாலு பேரையும் வரிசையாகக் கொன்றிருந்தால் சிரித்திருப்பீர்கள்.

இத்தாலியர்களுக்கு நாயகனைக் கொல்லத் தெரியாது என்றும் நினைக்கவேண்டாம். இதே 1968இல் இயக்குநர் செர்ஜியோ கோர்புச்சி 'இல் கிராந்தே சிலென்ஸியோ'வில் கொன்றார், பனிக்குள் வைத்து. எப்படி? முதலில் அவன் கையைச் சிதைத்து. 1966இல் 'ஜாங்கோ'விலும் கையைத்தான் நொறுக்கினார். அங்கே நாயகன் துப்பாக்கியின் விசைக்காப்பைப் பல்லால் கழற்றி, கல்லறைச் சிலுவையில் துப்பாக்கியைச் சாய்த்து, விசையைச் சிலுவையோடு அழுத்திச் சுடுகிறான். 'ஜானி ஹாம்லெட்'டின் மூலக்கதையும் கோர்புச்சியுடையது. அதில் ஜானி சிலுவையில் ஏற்றப்படுகிறான். தயக்கம் இல்லை என்கிறீர்களே, இருக்கிறது. நாடகத்தில் புத்தியில் இருந்த முட்டுக்கட்டையைக் கைக்கு இறக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். இடுப்பில் துப்பாக்கி உள்ளவனை நிறுத்த வேறு வழி ஏது?

இன்னொரு வழி உண்டு, அதையும் செய்திருக்கிறார்கள். நாடகத்தில் அப்பாவின் ஆவி முதல் அங்கத்திலேயே தன்னைக் கொன்றவன் சித்தப்பன்தான் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. படத்தில் பழி சாந்தானா என்ற கொள்ளைக்காரன் மேல் விழுகிறது. யாரைச் சுடுவது என்று தெரியாதவனால் சுட முடியாது. அவர்கள் கைவிட்டது ஒன்றுதான் என்பது என் எண்ணம்: பிரார்த்தனைக் காட்சி. மண்டியிட்டிருக்கும் சித்தப்பனை ஹாம்லெட் கொல்லாமல் போகும் இடம். கௌபாய் கதையில் முதுகில் சுடுவது பழி. இதைவிடப் பொருத்தமான தடை கிடைக்குமா? கைக்கு எட்டியதை விட்டுவிட்டார்கள். நீங்கள் திட்ட வேண்டியது இதற்கு.

ஒன்று மறந்துவிட்டேன். ஹாம்லெட் முதன்முதலில் பிழைத்தவன்தான். 1200ஐ ஒட்டி சாக்ஸோ என்ற டேனிஷ்காரர் லத்தீனில் எழுதிவைத்த கதையில் அவன் பெயர் அம்லெத். கிறுக்கன்போல் நடித்து, வாளை அடிக்கடி உருவி விரலில் கீறிக்கொள்வான். பணியாட்கள் பயந்துபோய் வாளையும் உறையையும் சேர்த்து ஆணி அடித்துவிடுவார்கள். கடைசி இரவில் அவன் அந்த ஆணியடித்த வாளைச் சித்தப்பனின் கட்டிலருகே மாட்டிவிட்டு, அவன் வாளைத் தான் எடுத்துக்கொள்கிறான். எழுப்புகிறான். சித்தப்பன் பதறி உருவப் பார்க்கிறான். வாள் வரவில்லை. அம்லெத் அவனைக் கொன்று அரசனாகிறான். பின்னொரு போரில்தான் சாகிறான்.

அங்கேயும் கைமாறிய வாள், உருவ முடியாத ஆயுதம், பிழைத்த நாயகன். இதைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி பாருங்கள். குகைக்குள் இருக்கும் அந்த இடுகாட்டையும் இந்த முறை அவசரமில்லாமல் பாருங்கள். பிறகும் கோபம் மிச்சமிருந்தால் எழுதுங்கள்.